படைவீரனின் பங்கீடு: கெடாத உணவும் நீங்கிய சத்தும்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட கடல்வாயிலில், மணல் திட்டு ஒன்றின் மீது முருகைக்கற்களால் எழுப்பப்பட்டுள்ள கடற்கோட்டை, பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக்கான கப்பற்பாதையைக் காப்பதற்காகப் போர்த்துக்கேயரால் கட்டப்பட்டது. 1658 இல் ரிக்லொவ் வான் கூன்ஸின் தலைமையில் வந்த ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டுக் கைப்பற்றி, பின்னர் திருத்திக் கட்டி, ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். முற்றுகை ஏறக்குறைய இரண்டு கிழமைகளே நீடித்தது. உள்ளிருந்த மரத்தாலான நீர்த்தொட்டி பீரங்கிக் குண்டுகளால் சிதைந்து, குடிநீர் அற்றுப்போனதே காவற்படையின் சரணடைவுக்குக் காரணமாயிற்று. அதே படையெடுப்பில் யாழ்ப்பாணக் கோட்டையோ மூன்று மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்து, பசியும் நோயும் உள்ளிருந்தோரை நலிவித்த பின்னர், ஜூன் மாதத்தில் பணிந்தது. ஒரே ஆண்டில், ஒரே படையை எதிர்த்து நின்ற இவ்விரு கோட்டைகளின் வேறுபாட்டைக் கருதும்போது, போர்க்கள உணவின் வரலாற்றைச் சோற்றிலிருந்தோ ரொட்டியிலிருந்தோ தொடங்காமல் தண்ணீரிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

பங்கீடு என்பது ஒரு படைவீரனுக்கு ஒரு நாளைக்கென அளந்து வழங்கப்படும் உணவு. அது தோளிலோ வண்டியிலோ சுமக்கக்கூடிய எடையில் இருக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். கடுமையாக உழைக்கும் உடலுக்கு வேண்டிய அனைத்தையும் தர வேண்டும். முதல் இரண்டு தேவைகளும் எளிதில் ஒத்துப்போகும், ஏனெனில் உணவிலிருந்து நீரை அகற்றினால் எடையும் குறையும், கெடுதலும் தடைப்படும். மூன்றாவது தேவைதான் அவற்றோடு முரண்பட்டு நின்றது. உணவைக் கெடாமல் வைப்பதற்காக அதிலிருந்து எது நீக்கப்பட்டதோ, எது வெப்பத்தில் அழிக்கப்பட்டதோ, அதுவே பின்னர் படைவீரனின் உடலில் நோயாகத் தோன்றியது. நவீன ஊட்டச்சத்து அறிவியலின் பெரும்பகுதி இந்த முரண்பாட்டை ஆராய்ந்ததன் விளைவாகவே பிறந்தது.

நீரைப் பொறுத்தவரை இந்த முரண்பாடு மிக வெளிப்படையானது. பழைய ஐரோப்பியப் படைகளின் உலர்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராமுக்குள் அடங்கிவிடும். வெப்பவலய நாடொன்றில் அதிகம் உழைக்காத மனிதருக்கே நாளொன்றுக்கு 3 முதல் 4 லீற்றர் வரை நீர் வேண்டும், வெயிலில் மண் வெட்டுபவருக்கோ அது 10 லீற்றரை எட்டலாம். ஆகவே பத்து நாளுணவு பத்துக் கிலோகிராம் என்றால், பத்து நாள் தண்ணீர் குறைந்தது முப்பது, நாற்பது கிலோகிராம் ஆகும். அதனைச் சுருக்கவோ உலர்த்தவோ வழியில்லை. மேலும், உப்பிட்டுக் காத்த உணவு தன் பங்குக்கும் நீரைக் கேட்கிறது. சிறுநீரகங்களால் கழிவுகளை ஓர் எல்லைவரைதான் செறிவாக்கி வெளியேற்ற முடியும் என்பதால், உண்ட உப்பில் ஒவ்வொரு 10 கிராமையும் வெளியேற்ற ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் நீர் செலவாகிறது. கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு உள்ளது; அதைக் குடிப்பவர், குடித்ததைவிட அதிக நீரைத் தம் உடலிலிருந்து இழக்கிறார். நான்கு புறமும் நீர் சூழ்ந்த கோட்டைக்குள் மனிதர் தாகத்தால் பணிய நேர்ந்ததன் உடலியல் இதுவே.

காரைநகர் மக்கள் இந்த உண்மையைப் போரின் வழியே அறிய வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அதன் தீவுகளிலும் ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் இறங்கி, அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், அதன் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கக்கூடும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தாழ்ந்த, ஒடுங்கிய தீவுகளில் அந்த ஒரு மீற்றரே கிடைப்பதில்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறிக் கிணறு கெட்டுவிடும். எனவேதான் தீவுப்பகுதிகளில் நல்ல தண்ணீர்க் கிணறு ஊரின் பொதுச் சொத்தாக மதிக்கப்பட்டது. குடிநீரை வண்டியில் ஏற்றிவந்து வழங்கும் நிலை இன்றும் உண்டு. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்தபோதும், அதற்கு நன்னீர் வழங்கிய இயக்கச்சிக் கிணறுகள் கைவிட்டுப்போனது முக்கிய காரணமாயிற்று. மூன்றரை நூற்றாண்டுகளில் பீரங்கிகளும் வாகனங்களும் மாறியிருந்தன. குடாநாட்டின் நிலத்தடி நீரின் இயல்பு மாறியிருக்கவில்லை.

தமிழின் பழைய போர் இலக்கியம் உணவைப் பற்றிப் பேசும் இடங்கள் இந்த நோக்கில் மீண்டும் படிக்கத் தகுந்தவை. போருக்குப் புறப்படும் முன் அரசன் தன் வீரர்களுக்கு அளிக்கும் பெருவிருந்தைத் தொல்காப்பியம் பெருஞ்சோற்றுநிலை என்ற துறையாக வகுத்துள்ளது. சேரமான் உதியஞ்சேரலாதனின் பெயரோடு பெருஞ்சோறு என்ற அடைமொழியே ஒட்டிக்கொண்டது. அது ஒரு நாள் விருந்து. நீண்ட முற்றுகையின் உணவுநிலையைக் காட்டுபவை வேறு பாடல்கள். ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடந்தபோது, நெய்ச்சோற்றுக் கவளம் கிடைக்காத யானைகளையும் பாலின்றி அழும் குழந்தைகளையும் கோவூர்கிழார் புறநானூற்றில் அவன் முன் நிறுத்தி, கதவைத் திறக்கவோ போரிடவோ வேண்டுகிறார். உணவுத் தடை வாளேந்தியவரைவிட முன்னதாக வாளேந்தாதவரைத் தாக்குகிறது என்பதை அந்தப் புலவர் கண்டிருக்கிறார். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாண மக்களுக்கு அது விளக்கம் வேண்டாத பாடல்.

பறம்பு மலையை மூவேந்தரும் சூழ்ந்த செய்தியில் மற்றொரு கூறு உள்ளது. உழவர் உழாமலே மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கும் பாரியின் மலையில் விளையும் என்றும், ஆகவே முற்றுகையால் அதனை வெல்ல இயலாது என்றும் கபிலர் பாடுகிறார். கவிதையின் மிகைப்படுத்தலை ஒதுக்கிவிட்டு இப்பட்டியலைப் பார்த்தால் அதன் சமநிலை வியப்பளிக்கிறது: ஆற்றலுக்குத் தானியமும் கிழங்கும், விற்றமின் சத்துக்குப் பழம், நெடுநாள் கெடாமல் நிற்பதற்குத் தேன். உலர்ந்த ஒரே பொருளை மட்டும் சேமித்து அடைபட்ட பிற்காலக் காவற்படைகளுக்கு இந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

தேன் ஏன் கெடுவதில்லை என்பதற்கான விடையே உலர் உணவு அனைத்துக்கும் அடிப்படை. ஓர் உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அந்த நீரில் எவ்வளவு நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடியதாக இருக்கிறது என்பதே முக்கியம். இதனை நீர்ச் செயற்பாடு என்ற அளவால் குறிப்பர். தூய நீரின் நீர்ச் செயற்பாடு 1. பெரும்பாலான பற்றீரியாக்களுக்கு அது 0.91க்கு மேல் இருக்க வேண்டும், பூஞ்சணங்கள் அதற்குக் கீழும் வளரும், 0.6க்குக் கீழே எதுவும் பெருகாது. உலர்த்துதல் நீரை நேரடியாக வெளியேற்றி இந்த அளவைத் தாழ்த்துகிறது. உப்பும் சீனியும் நீரைத் தம்முடன் பிணைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கின்றன. அவல், கருவாடு, மாசி, பனங்கட்டி, ஐரோப்பிய மாலுமிகளின் கல் போன்ற ரொட்டி ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரே அளவுகோலால் விளக்கலாம்.

பனையை நம்பி வாழ்ந்த தீவகத்தில் இத்தகைய சேமிப்பு உணவு ஒரு முழு முறையாகவே வளர்ந்திருந்தது. பனங்கொட்டைகளைப் பாத்தியிட்டு முளைக்கவிட்டு எடுக்கும் கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் அது ஒடியல்; அவித்த பின் உலர்த்தினால் புழுக்கொடியல்; பனம்பழத்தின் களியைப் பாயில் பரவி உலர்த்தினால் பினாட்டு. ஈரம் படாமல் வைத்தால் இவை மாதக்கணக்கில் நிற்கும். இவை படைக்கென உருவாக்கப்பட்டவை அல்ல, வறட்சிக்கும் மாரிக்கால முடக்கத்துக்கும் என உருவானவை. ஆயினும் களத்துப் பங்கீட்டுக்குரிய எல்லா இயல்புகளும் இவற்றில் உண்டு. இங்கு குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒடியல் மா உண்ணப்படும் விதம். மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கைப்பு நீங்க நீரை வடித்து, மீனும் இறாலும் நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் கொதிக்கும் பானையில் கரைத்துப் புளியும் மிளகாயும் சேர்த்துக் கூழாக்குகின்றனர். ஒடியல் மா பெரும்பாலும் மாச்சத்து மட்டுமே. உலர்த்தும்போதும் ஊறவைத்து வடிக்கும்போதும் அதிலிருந்து நீங்கிய எல்லாவற்றையும், அன்றன்று கிடைக்கும் புதிய பொருள்கள் கூழுக்குள் திரும்பக் கொண்டுவருகின்றன. ஐரோப்பியப் படைகளும் கப்பல்களும் உலர் உணவை ஏற்றிக்கொண்டன, ஆனால் இந்தத் திரும்பச் சேர்க்கும் பகுதியை விட்டுவிட்டன. அதற்கு அவை கொடுத்த விலை பெரிது.

அந்த விலையின் முதல் வடிவம் ஸ்கேவி. விற்றமின் சி இன்றி இரண்டு, மூன்று மாதங்கள் கழிந்தால், உடலின் இணைப்பிழையங்களைக் கட்டிப்பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாகாமல், ஈறு வீங்கி இரத்தம் கசியும், பழைய காயங்கள் மீண்டும் திறக்கும். 1747 இல் சலிஸ்பரி என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்தபோது, தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்ற இருவரும் விரைந்து தேறினர். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795 இல்தான்; இடைப்பட்ட ஏறக்குறைய அரை நூற்றாண்டில் மாலுமிகள் தொடர்ந்து இறந்தனர்.

இரண்டாவது வடிவம் பெரிபெரி. இதன் வரலாறு அரிசி உண்ணும் நாடுகளுக்கு மிக நெருக்கமானது. 1873 இல் தொடங்கிய ஆச்சே போரில் ஒல்லாந்தரின் குடியேற்றப் படையில் இந்நோய் பரவி, கால் மரத்து, இதயம் வீங்கி வீரர்கள் வீழ்ந்தனர். கிருமியே காரணம் என்று நம்பிய அரசு, அதனைக் கண்டறிய 1886 இல் ஆய்வுக்குழுவொன்றைப் பத்தேவியாவுக்கு அனுப்பியது. அக்குழுவைச் சேர்ந்த படைமருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மன், 1889 இல் தம் ஆய்வுக்கூடக் கோழிகளுக்கும் பெரிபெரி போன்ற ஒரு நரம்பு நோய் வருவதையும், சில மாதங்களில் அது தானாகவே மறைவதையும் கண்டார். விசாரித்தபோது, இடையில் அக்கோழிகள் படை மருத்துவமனைச் சமையலறையின் மீந்த வெள்ளைச் சோற்றைத் தின்றிருந்தன என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் படையினருக்குரிய அரிசியைக் குடிமக்கள் பக்கத்துக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார் என்பதும் தெரியவந்தன. சாவாவின் 101 சிறைகளில் அடோல்ப் வோர்டர்மன் நடத்திய கணக்கெடுப்பும் தீட்டிய அரிசியையே குற்றஞ்சாட்டியது. அரிசியில் நஞ்சு இருக்கிறது என்று ஐக்மன் கருத, 1901 இல் கெரிற் கிரைன்ஸ் அதனைத் திருத்தி, தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்தின் குறைவே நோய் என்றார். அந்தச் சத்து, இன்று தயமின் அல்லது விற்றமின் பி1 என அழைக்கப்படுவது, 1926 இல் பத்தேவியாவிலேயே பிரித்தெடுக்கப்பட்டது.

தயமினை உடல் அதிகம் சேமிப்பதில்லை. வரத்து நின்றால் இரண்டு, மூன்று கிழமைகளில் இருப்புத் தீர்ந்துவிடும். வெளுக்கத் தீட்டிய அரிசி நன்றாக நிற்கும், ஏனெனில் விரைவில் காறிப்போகும் எண்ணெய் தவிட்டோடு நீங்கிவிடுகிறது. தயமினும் அதே தவிட்டோடு நீங்குகிறது. யப்பானியக் கடற்படையின் றியூஜோ என்ற கப்பலில் 376 பேரில் 169 பேர் பெரிபெரியால் வீழ்ந்து 25 பேர் இறந்த பின், மருத்துவர் தக்காகி கனேகிரோ வேறொரு கப்பலுக்கு இறைச்சியும் பாலும் கோதுமையும் கூடுதலாக ஏற்றி 1884 இல் அனுப்ப, நோய் ஏறத்தாழ மறைந்தது. புரதக் குறைவே காரணம் என்று அவர் தவறாக எண்ணினாலும், அவர் கண்ட தீர்வு சரியாக இருந்தது. யப்பானியத் தரைப்படை அதனை ஏற்கவில்லை. வெண்சோறு வீரனுக்குரிய மரியாதை என்று அது கருதியது; 1904-05 ரஷ்யப் போரில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட அதன் வீரர்கள் இந்நோயால் பாதிக்கப்பட்டனர், ஏறக்குறைய 27,000 பேர் இறந்தனர்.

இதே காலத்தில் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் பெருந்தொகையான வீடுகளில் உலையில் இடப்பட்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின் குற்றும்போது, தயமின் நீரோடு கரைந்து தவிட்டிலிருந்து மணியின் உட்பகுதிக்குள் நகர்கிறது; வெப்பத்தால் மாப்பொருள் இறுகி அதனை உள்ளே பூட்டிவிடுகிறது. ஆகவே தீட்டிய பின்னும் புழுங்கல் அரிசியில் பச்சையரிசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தயமின் எஞ்சுகிறது. 1751 இல் ஆர்க்காட்டுக் கோட்டையை ஏறக்குறைய ஐம்பது நாள் காத்தபோது, அரிசி குறைந்த நிலையில் சிப்பாய்கள் சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியைத் தாம் பருக முன்வந்தனர் என்ற கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோன் மல்கமும் மெக்காலேயும் பரப்பினர். கதையின் உண்மையை வரலாற்றாய்வாளர்கள் ஐயுறுகின்றனர். பேரரசின் பெருமைக்கு உகந்தது என்பதாலேயே அது பரவியது. எனினும் கஞ்சி வெறும் வடிநீர் என்ற அக்கதையின் உள்ளெண்ணத்தை அறிவியல் ஏற்காது. தயமின் நீரிற் கரையும் சத்து. வடித்த சோற்றில் ஆற்றலின் பெரும்பகுதி தங்க, தயமினில் கணிசமான பங்கு கஞ்சியோடு போகிறது. இரண்டையும் பிரிக்காமல் உண்பதே உடலுக்கு நன்று.

இரு நோய்களும் ஒரே முற்றுகையில், இரு வேறு பந்திகளில் தோன்றிய இடம் ஈராக்கின் கூத். 1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை அங்கு துருக்கியப் படையால் சூழப்பட்டிருந்த பிரித்தானிய இந்தியப் படையில், வெள்ளை மாவு ரொட்டி உண்ட பிரித்தானிய வீரர்களுக்குப் பெரிபெரி வந்தது. தவிடு நீங்காத ஆட்டா மாவை உண்ட இந்திய வீரர்களுக்கு அது வரவில்லை. இந்தியர் பலர் சமய, சமூகக் காரணங்களால் குதிரை இறைச்சியை ஏற்க மறுத்தனர். காய்கறியும் கிடைக்காமையால் அவர்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஸ்கேவிக்கு ஆளாயினர். குதிரை இறைச்சியிலிருந்த சிறிதளவு விற்றமின் சி பிரித்தானியரைக் காத்தது. வெள்ளை மாவு தீர்ந்து அவர்களும் ஆட்டாவும் வாற்கோதுமையும் உண்ணத் தொடங்கியபின் அவர்களிடையே பெரிபெரி நின்றுபோனது. எந்த ஆய்வுக்கூடமும் அறமுறைப்படி நடத்த முடியாத சோதனையொன்றைப் போர் இங்கு நடத்திவிட்டது என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும்.

இதற்கடுத்த கட்ட ஆய்வுகளில் ஒரு முக்கிய பங்கு நீலகிரியின் குன்னூரில் நடந்தது. ரொபேட் மக்கரிசன் அங்கு பெரிபெரியை ஆராயத் தொடங்கியதிலிருந்து உருவான ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள், பின்னர் ஐக்ரோயிட் தலைமையில் புழுங்கல் அரிசியின் தயமினை அளந்து அதன் சிறப்பை நிறுவின. 1958 இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த அந்நிறுவனமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஸ்கேவிக்கும் உள்ளூரிலேயே ஒரு தீர்வு இருந்தது. பொதுவாக உலர்த்தும்போது விற்றமின் சி அழிந்துவிடும்; ஆனால் நெல்லிக்காயில் அது மிகுதியாக இருப்பதோடு, அதன் புளிப்பும் துவர்ப்பும் ஒட்சியேற்றத்தைத் தடுப்பதால், உலர்ந்த நெல்லிப் பொடியிலும் கணிசமாக எஞ்சுகிறது. 1939-40 ஹிசார் பஞ்சத்தில் ஸ்கேவியைத் தீர்க்கப் பயன்பட்ட நெல்லி, இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைவீரர்களின் பங்கீட்டிலும் இடம்பெற்றது. கப்பலேறி வந்த எலுமிச்சைச் சாற்றுக்குப் பதிலாக உள்ளூர்க் காயொன்று, அளந்து பார்த்த சான்றோடு படைக்குள் நுழைந்த நிகழ்வு இது.

உலர்த்தாமலே உணவைக் காக்கும் வழியை நெப்போலியன் காலத்துப் பிரான்ஸ் கண்டது. நிக்கொலா அப்பேர் என்ற சமையற்கலைஞர், உணவைப் போத்தலில் இறுக அடைத்துக் கொதிநீரில் நெடுநேரம் வைத்தால் கெடுவதில்லை எனக் காட்டி, முறையை வெளியிடும் நிபந்தனையோடு 1810 இல் அரசிடம் 12,000 பிராங்க் பெற்றார். 1813 அளவில் இலண்டனில் தகரப்பேணி உணவு பிரித்தானியப் படைகளுக்குச் செல்லத் தொடங்கியது. அது ஏன் கெடவில்லை என்பதை லூயி பாஸ்டர் விளக்கியது அரை நூற்றாண்டுக்குப் பின்னர். கொதிநீர் போதாத பகைவனும் உண்டு: குளொஸ்ற்றிடியம் பொற்றுலினம் என்ற பற்றீரியாவின் வித்திகள் 100 பாகை செல்சியஸில் பிழைத்து, வளியற்ற பேணிக்குள் முளைத்துக் கொடிய நஞ்சை உண்டாக்கும். புளிப்புக் குறைந்த உணவின் நடுப்பகுதி 121 பாகையில் குறைந்தது 3 நிமிடம் நிற்க வேண்டும் என்ற விதி அதற்காகவே வகுக்கப்பட்டது. அந்த வெப்பநிலை உயர் அமுக்கக் கலத்தில்தான் கிட்டும். தடித்த பேணியின் நடுவை வெப்பம் எட்டுவதற்குள் ஓரம் குழைந்துவிடும் என்பதால், பொலியெஸ்ரரும் அலுமினியத் தாளும் பொலிபுரொப்பிலீனும் ஒட்டிய தட்டையான பைகளை ஐக்கிய அமெரிக்கா உருவாக்கி, 1980களின் தொடக்கத்தில் படைக்கு வழங்கியது. மைசூரில் 1961 இல் நிறுவப்பட்ட பாதுகாப்பு உணவு ஆய்வுக்கூடம் அதே பைகளில் புலாவையும் பருப்பையும் அடைத்ததோடு, நெடுநாள் நிற்கும் சப்பாத்தியையும் வெந்நீர் ஊற்றினால் ஆகும் உப்புமாவையும் இந்தியப் படைக்கென ஆக்கித் தந்தது.

உயர் வெப்பம் வித்திகளோடு தயமினையும் அழிக்கிறது, விற்றமின் சியையும் குறைக்கிறது. ஆகவே இழந்தவற்றை அளந்து, பையிலோ அதனுடன் வைக்கும் பானப் பொடியிலோ சேர்க்கின்றனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்குக் கொடுத்த கே பங்கீட்டிலும் விற்றமின் சிக்கெனவே எலுமிச்சைப் பொடி வைக்கப்பட்டிருந்தது. அதன் கடும் புளிப்பைப் பொறுக்காத பலர் அதனை எறிந்துவிட்டனர். தாளில் சரியாக இருந்த கணக்கு உடலுக்குள் போய்ச் சேரவில்லை. இத்தகைய இழப்பைக் கண்டறியவே உணவாய்வுக்கூடங்கள், பொதியைத் திறந்தவர் எதை உண்டார், எதை மீதம் விட்டார் என்பதையும் கிராம் கணக்கில் நிறுத்துப் பதிவு செய்வதைத் தம் சோதனை முறையின் பகுதியாக்கிக்கொண்டன.